லுத்சினா கெம்பாவின் பன்னிரண்டாவது ஓட்டம்

போலந்தின் கலினூவ் நகரில் லுத்சினா கெம்பாவின் குரலைக் கேட்காதவர் கிடையாது. வாரநாட்களில் பேருந்து நிலையத்தில் கேட்கலாம்: "போஸ்னான் செல்லும் பேருந்து, மூன்றாம் தடம்." ஞாயிற்றுக்கிழமைகளில் பியோருன் பைக் பந்தய மைதானத்தில் கேட்கலாம்: "நான்காவது ஓட்டம். நேரம் அறுபத்தைந்து புள்ளி இரண்டு." இரண்டு இடத்திலும் ஒரே குரல், ஒரே வேகம். வெற்றிக்கும் வெளியூர் பேருந்துக்கும் அந்தக் குரலில் வித்தியாசம் கண்டுபிடித்தவர் யாருமில்லை.

2003-ல் பியோருன் கிளப் கடைசி ஓட்டத்தில் ஜெயித்து மேல் பிரிவுக்கு ஏறியது. எட்டாயிரம் பேர் ஒருவர் தோளில் ஒருவர் தொங்கிக் குதித்தார்கள். பாதிரியார் தொப்பியைக் கழற்றி வீசினார், அது கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒலிபெருக்கியில் வந்தது: "பதினைந்தாவது ஓட்டம். நேரம் அறுபத்து நான்கு புள்ளி எட்டு. இரண்டாம் வாயிலை மறித்து நிற்கும் பச்சைக் காரின் உரிமையாளர் வண்டியை எடுக்கவும்." அடுத்த வருடமே கிளப் கீழே இறங்கிவிட்டது. பச்சைக் கார் மட்டும் ஊர்ப் பேச்சில் நிலைத்துவிட்டது. யாராவது நல்ல செய்தியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னால், "என்ன, பச்சைக் காரா?" என்பார்கள்.

லுத்சினா வருத்தப்பட்டதில்லை. அவளுக்கென்று ஒரு நியாயம் இருந்தது. பிரேக் இல்லாத பைக்கில் நாலு பேர், மண் தடத்தில் நாலு சுற்று, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் ஓட்டம். உள்ளூர் ஆட்களுக்குச் சிவப்பும் நீலமும் தொப்பி, வெளியூர்க்காரர்களுக்கு வெள்ளையும் மஞ்சளும். முதலில் வந்தவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, அடுத்தவனுக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஓட்டம் முடிந்த உடனே மைதானம் முழுக்கத் தலை குனியும். ரொட்டிக் கடைக்காரர், பல் டாக்டர், பாதிரியார், எல்லோர் மடியிலும் பந்தய அட்டை, கையில் பேனா. பதினைந்து ஓட்டத்துக்கும் கட்டம் போட்ட அந்த அட்டையைத் தன் கையால் நிரப்பாதவன் ஆட்டத்துக்குப் போனவனே இல்லை என்பது கலினூவின் கருத்து. பேனாக்கள் காத்திருக்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டிருக்கக் கூடாது என்பது லுத்சினாவின் கருத்து.

அவள் மைக் பிடித்ததே ஓர் அட்டையால்தான். 1991-ல் பழைய அறிவிப்பாளரின் அட்டையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த இருபத்தேழு வயதுப் பெண் தன்னுடையதைக் கொடுக்க அறிவிப்புக் கோபுரத்தில் ஏறினாள். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நீயே படிச்சிடும்மா" என்றார். படித்தாள். பிறகு இறங்கவே இல்லை. விவாகரத்தின்போது கணவன் டிவியையும் பழைய பந்தய அட்டைகள் அடுக்கிய பெட்டிகளையும் கேட்டான். டிவியைக் கொடுத்துவிட்டாள்.

2020 ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை, அரசாங்கத்தின் கொரோனாப் பட்டியல் வந்தது. அதுவரை மைதானத்தில் நாலில் ஒரு பங்கு ஆட்களை அனுமதித்திருந்தார்கள். இப்போது கலினூவ் வட்டாரம் சிவப்பில் இருந்தது. சிவப்பு என்றால் ஒருவரும் கூடாது. ஞாயிறன்று ப்ரோத்னோ அணியோடு சொந்த மண்ணில் ஆட்டம்.

அன்று மாலை கிளப் அறையில் நாலு பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் விட்டோல்ட், ஜன்னல் சட்டம் செய்யும் பட்டறைக்காரன். தடத்தைப் பராமரிக்கும் போலெக். அட்டை அச்சடிக்கும் கமீலா. அப்புறம் லுத்சினா. விட்டோல்டின் கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

"ஆம்புலன்ஸ் வரணும், டாக்டர் வரணும். டயர், எரிபொருள் எல்லாம் அதே வெல. மேடைல ஆள் இல்லேன்னு பைக்குக்குத் தெரியுமா?" என்றான் விட்டோல்ட். "இதுல பசங்களுக்குப் புள்ளிக்கு இவ்வளவுன்னு சம்பளம். தோத்தா கொஞ்சம் மிச்சம். ஜெயிச்சா நான் திவால். ஞாயித்துக்கெழம சர்ச்சுல எதுக்கு வேண்டிக்கிறதுன்னே எனக்குத் தெரியல."

"கையில என்ன?" என்றாள் லுத்சினா.

"லீக்குலேர்ந்து விலகுற கடிதம். இந்த ஆட்டத்துச் செலவு கைக்கு வரலேன்னா திங்கக்கெழம காலைல அனுப்பிடுவேன்."

"ஒரு வருஷம் ஓய்வு எடுத்துக்கலாம், அவ்வளவுதானே," என்றான் போலெக், யாரையும் பார்க்காமல்.

"விலகின கிளப் திரும்பி வந்து நீ பாத்திருக்கியா போலெக்? தடத்துல உருளைக்கெழங்கு போடுவாங்க."

லுத்சினா ஜன்னல் வழியாகக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒலிபெருக்கி எத்தன இருக்கு?"

"ஆறு. ஏன்?"

"எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு?"

"எந்தப் பக்கம் பாக்கும்? மேடைய."

"மேடைல யாரு இருக்கப்போறா?"

மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்கத் தோட்டங்கள். நகரத்து ஆட்கள் குத்தகைக்கு எடுத்த நானூறு துண்டு நிலம். ஆளுக்கொரு மரக்குடில், பிளம் மரம், வெள்ளரிக் கொடி. போன ஆட்டத்தில் டிக்கெட் கிடைக்காதவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். பைக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வெற்று அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் மச்சானுக்கு ஃபோன் போட்டுக்கொண்டு. "உன் குரல் செவுத்தத் தாண்ட மாட்டேங்குதே லுத்சின்கா" என்று ஒருத்தி வேலியோரம் நின்று அவளிடம் குறைப்பட்டிருந்தாள்.

"அட்டைய இருபது ஸ்லோட்டிக்கு வெளில விப்போம். நான் வெளியப் பாத்துப் பேசறேன்."

விட்டோல்ட் கணக்குப் போட்டான். "மூவாயிரம் விக்கணும். காத்துல சும்மா வர்றதுக்கு எவன் காசு குடுப்பான்?" பிறகு முகம் மலர்ந்தது. "ஒண்ணு பண்ணலாம். பேரே சொல்லாதீங்க, வெறும் நம்பர் மட்டும் சொல்லுங்க. அட்ட இல்லாதவனுக்கு ஒண்ணும் புரியாது!"

"காசில்லாதவன் காத அடைக்கச் சொல்றியா? முழுசா சொல்லுவேன். எழுதணும்னு தோணறவன் அட்ட வாங்குவான்."

"பானி லுத்சினா, தப்பா நெனைக்காதீங்க." பானி என்று மரியாதை வைத்துச் சொல்லிவிட்டு விட்டோல்ட் தாளை இன்னொரு மடிப்பு மடித்தான். "இருபது ஸ்லோட்டி குடுத்து... நீங்க சொல்றத..."

"பச்சைக் கார்," என்றாள் கமீலா, தரையைப் பார்த்து.

லுத்சினாவும் சிரித்துவிட்டாள். ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது சிரிப்பு இல்லை. கிளப் இருக்கிறதா போகிறதா என்பது இப்போது தன் வாயில் இருக்கிறது. அந்த வாய்க்கு முப்பது வருடமாகக் கொண்டாடிப் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை பேருந்து நிலையத்தில் பழகிப் பார்த்தாள். பெருந்தொற்றில் அறுபது பேருந்து ஒன்பதாகியிருந்தது. அவளுக்கு நேரம் நிறைய. இரண்டு பத்துக்கு மைக்கைத் திறந்தாள்.

"போஸ்னான் பஸ், மூணாம் தடம். வண்டி வந்து நின்னாச்சு. ஆனா டிரைவர் இன்னும் சிகரெட்டு புடிக்கிறாரு. பாதி முடிஞ்சிருக்கு. நீலக் கோட்டு போட்ட அம்மா பெட்டியத் தூக்கிக்கிட்டு முன்னாடி வர்றாங்க... பையக் கீழ வைக்கிறாங்க... பின்னாலேர்ந்து ஒரு பட்டாளத்துக்காரர் உள்ள பூந்துட்டாரு! அம்மா விடல, முழங்கையப் போட்டுட்டாங்க! அம்மா முதல்ல, பட்டாளத்துக்காரர் ரெண்டாவது!"

வரிசையில் நின்ற பதினோரு பேரும் முகக்கவசத்துக்குள் சிரித்தார்கள். நீலக் கோட்டு அம்மாள் படியில் நின்று கையை உயர்த்திக் காட்டினாள். டிரைவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து தட்டினார்.

"என்ன லுத்சினா, ஒடம்பு சரியில்லையா?"

"பழகறேன்."

"ஏன் சிகரெட்டு பத்திச் சொன்ன? வீட்டுக்காரி டாக்டர்ட்ட போறதுக்கு இதே வண்டிக்குத்தான் வந்திருக்கா!"

நகராட்சி ஒலிபெருக்கியைத் திருப்ப ஒத்துக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு: புகார் வரக் கூடாது. புகார் என்றால் கலினூவில் ஒரே ஓர் ஆள்தான். இரண்டாவது வளைவுக்கு எதிரே இருக்கும் குடியிருப்பின் நாலாவது மாடியில் லியோனார்ட் என்ற ஓய்வுபெற்ற நில அளவையாளர். இருபத்திரண்டு வருடமாக, ஒவ்வோர் ஆட்டத்திலும் எட்டாவது ஓட்டம் முடிந்ததும் கோபுர அறைக்கு ஃபோன் செய்வார். திங்கட்கிழமை நகராட்சிக்குக் கடிதம் போகும்.

சனிக்கிழமை லுத்சினா படியேறினாள். கதவு ஒரு கை அளவு திறந்தது.

"எத்தன மணிக்கு முடியும்?" என்றார் லியோனார்ட், அவள் வாயைத் திறப்பதற்கு முன்.

"ஏழுக்கு."

"ஜூலை மாசமும் ஏழுன்னுதான் சொன்னீங்க. ஏழு பதினாலு ஆச்சு."

"ஒருத்தன் விழுந்துட்டான், பான் லியோனார்ட்."

"ரெண்டு பேர் விழுந்தாங்க."

அவள் ஓர் அட்டையை எடுத்து அவருடைய செருப்பு அலமாரிமேல் வைத்தாள். தங்க ஓரம் போட்ட, கெட்டியான, பாலேட்டு நிற அட்டை. முப்பத்தொரு கல்யாணம் தள்ளிப்போனதில் கமீலாவின் அச்சகத்தில் தேங்கிக் கிடந்த அழைப்பிதழ்க் காகிதம்.

"லஞ்சமா?" என்றார் லியோனார்ட்.

"அன்பளிப்பு."

"நான் நாப்பது வருஷம் அரசாங்க வேலை பாத்தவன்." உள்ளே போய் இருபது ஸ்லோட்டி கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். "புகார் எழுத ஆதாரம் வேணும்ல." கதவு மூடிக்கொண்டது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணி. கோபுர அறையிலிருந்து பார்த்தால் எட்டாயிரம் காலி இருக்கைகள். எப்போதும் முதல் வளைவில் நின்று சூரியகாந்தி விதை கொறிக்கும் கும்பல் இல்லை. போலெக் தடத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சத்தம் மட்டும். ஆறு ஒலிபெருக்கிகளும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. சுவர் உயரம்; தோட்டம் தெரியவில்லை. சுவருக்கு மேலே அங்கங்கே புகை எழுந்துகொண்டிருந்தது. சாசேஜ் சுடுகிறார்கள் என்று லுத்சினாவுக்குப் புரிந்தது. எத்தனை பேர் என்று புகையை வைத்துச் சொல்ல முடியாது.

விட்டோல்ட் எட்டிப் பார்த்தான். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது. ரொட்டிக் கட, பஸ் ஸ்டாண்டு, எல்லாம் சேத்து." கடிதம் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

முதல் ஓட்டத்துக்குத் தொடக்கக் கோட்டில் கட்டிய நாடா மேலே போனது. நாலு பைக்கும் ஒன்றாக அலறின. அந்த நிமிஷம் அவள் மைக்கில் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. போலெக் அதை முன்பே சொல்லியிருந்தான். ஓட்டம் முடிந்து சத்தம் அடங்கிய பிறகு, அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் கிடைக்கும் மூன்று நிமிஷம்தான் அவளுடையது. சத்தம் அடங்கியது. லுத்சினா மைக்கைத் திறந்தாள். கண் முன்னால் ஒரு முகம்கூட இல்லை.

"முதல் ஓட்டம். நேரம் அறுபத்தாறு புள்ளி ஒன்று. மஞ்சள், வெள்ளை, சிவப்பு, நீலம். ஒன்றுக்கு ஐந்து."

முடிந்தது. மீதி இரண்டரை நிமிஷம் காற்றில் ஒன்றுமில்லை. விட்டோல்ட் பெருமூச்சு விட்டுக் கீழே இறங்கிப் போனான்.

இரண்டாவது ஓட்டத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தாள். தோட்டத்தில் இருப்பவனுக்கு என்ன கிடைக்கிறது? கும்பலாக ஒரு முழக்கம், வளைவில் ஓர் இறக்கம், நடுவில் ஒரு பைக்கின் குரல் மட்டும் பிரிந்து உயர்கிறது. ஏன் உயர்ந்தது? அது அவனுக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்தது.

சத்தம் அடங்கியதும் மைக்கைப் பக்கத்தில் இழுத்து, வேலியோரம் நிற்கும் ஒருத்தியிடம் பேசுவதுபோல ஆரம்பித்தாள்.

"பேனாவக் கீழ வைங்க. எழுதறது அப்பறம். மூணாவது சுத்துல ஒரு பைக்கு மட்டும் தனியா அலறுச்சே, கேட்டீங்களா? அது நம்ம ஹூபெர்ட், சிவப்புத் தொப்பி. நாடா மேல போனப்ப அண்ணன் தூங்கிட்டு இருந்தாரு. மூணு பேரும் வளைவுக்குள்ள போயிட்டாங்க, இவரு கடைசி. ரெண்டு சுத்து முழுக்க மஞ்சத் தொப்பி கெளப்பின மண்ணத் தின்னுக்கிட்டே வந்தாரு. முகமே தெரியல. அப்பறம் என்ன தோணுச்சோ, வண்டிய வெளிப்பக்கம் விட்டாரு, செவுத்தோரம், போலெக் தண்ணி ஊத்தி வெச்ச ஈர மண்ணுல. அங்க எவனும் போக மாட்டான். சக்கரம் கடிச்சது பாருங்க, அதான் அந்த அலறல்! நீலத்தத் தாண்டி, மஞ்சளத் தாண்டி, வெள்ளையத் தாண்டி, கோட்டுல அரை சக்கரம் முன்னாடி. போலெக், உனக்கு ஒரு பீரு. சரி, இப்பப் பேனாவ எடுங்க. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம். மூணுக்கு மூணு."

மைக்கை மூடினாள். வெளியிலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது. கீழே போலெக் டிராக்டரில் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிக் காட்டினான்.

மூன்றாவதைச் சொன்னாள், நாலாவதைச் சொன்னாள். ப்ரோத்னோவின் டென்மார்க்கு வீரன் யெப்பே வளைவில் எப்படி ஒரு காலைத் தரையில் பரப்பி உட்கார்ந்தான் என்று சொன்னாள். எதிரியாக இருந்தாலும் நன்றாக ஓட்டினால் நன்றாகவே சொன்னாள். ஐந்தாவது ஓட்டத்தில் நம்மாள் ஒருவன் நாடா மேலே போகும் முன்பே அதைத் தொட்டு வெளியேற்றப்பட்டதற்கு, "அவசரத்துல கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரிதான்" என்றாள். தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகம்.

ஏழாவது ஓட்டம் முடிந்ததும் கமீலா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். தோட்ட வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.

"தங்கம் தீந்துபோச்சு! ரெண்டாயிரத்து அறுநூறும் போச்சு!"

"என்னடீ சொல்ற?"

"மொதல்ல சும்மா கேட்டுக்கிட்டுதான் இருந்தானுங்க. மூணாவது ஓட்டத்துலேர்ந்து எந்திரிச்சு வர்றானுங்க. எழுதாம கை அரிக்குதாம். ஒருத்தன் கதவுப் பலகைல கட்டம் போட்டு எழுதறான், காச மட்டும் கைல குடுத்துட்டுப் போறான். இன்னும் அடிக்கணும் லுத்சின்கா, ஆனா கடைல ஒரே ஒரு காகிதந்தான் இருக்கு."

"எது?"

கமீலா தயங்கினாள். "சாவு அறிவிப்பு அடிக்கறது. கறுப்பு ஓரம்."

அப்போதுதான் உள்ளே வந்த விட்டோல்ட் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். "வேணவே வேணாம்! கிளப் ஏற்கெனவே இழுத்துக்கிட்டுக் கெடக்கு!"

"அடி," என்றாள் லுத்சினா. "பொணத்துக்கு யாரும் இருபது ஸ்லோட்டி குடுத்து டிக்கெட் வாங்க மாட்டான்."

எட்டாவது ஓட்டம் முடிந்தது. லுத்சினா ஃபோனைப் பார்த்தாள். அடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை. லியோனார்டுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒரு கணம் பயந்துகூடப் போனாள்.

பதினோராவது ஓட்டம் முடிந்தபோது முப்பத்திரண்டுக்கு முப்பத்து நாலு. ப்ரோத்னோ இரண்டு புள்ளி முன்னால். பன்னிரண்டாவதில் உள்ளூர் வீரன் இகோர் சிவப்புத் தொப்பியில் முதலிடத்தைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி. அதற்கும் பின்னால் ஹூபெர்ட் நீலத் தொப்பியில், மஞ்சள்காரனோடு சக்கரத்துக்குச் சக்கரம் உரசிக்கொண்டு, கடைசி வளைவில் அவனை உள்பக்கமாகக் கடந்தான். லுத்சினா மைக்கைப் பிடித்தபோது நாற்காலியில் இல்லை, நின்றுகொண்டிருந்தாள். உள்பக்கம் எவ்வளவு இடம் இருந்தது என்று சொன்னாள் ("ஒரு ரொட்டித் துண்டு நொழையாது!"). முழங்கால் எங்கே இடித்தது என்று சொன்னாள். பிறகு:

"எழுதிக்குங்க! சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள்! மொத்தம் முப்பத்தஞ்சு, முப்பத்தேழு!"

மைக்கை மூடிய அடுத்த நொடி சுவருக்கு வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. இன்னொன்று. பிறகு ஒரு விசில், பத்து விசில், பானை மூடிகள், சைக்கிள் மணிகள். ஒரு நாயும் சேர்ந்துகொண்டது. சத்தம் வளர்ந்துகொண்டே போய், நாலு பைக்கும் ஓடும்போது வரும் முழக்கத்தைப்போலச் சுவர்மேல் மோதியது.

"சண்டையா?" என்று கேட்டான் விட்டோல்ட், முகம் வெளுத்து. "போலீசா?"

ஃபோன் அடித்தது.

"லியோனார்ட் பேசறேன்."

"சொல்லுங்க பான் லியோனார்ட். சத்தம் அதிகமா இருக்கா?"

"சத்தம் கெடக்கட்டும். நீங்க என்ன சொன்னீங்க? சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள். அப்ப நாலுக்கு ரெண்டு. முப்பத்திரெண்டும் நாலும் எவ்வளவு?"

லுத்சினா தன் அட்டையை இழுத்துப் பார்த்தாள்.

"முப்பத்தாறு," என்றார் லியோனார்ட். "முப்பத்தாறுக்கு முப்பத்தாறு. நீங்க முப்பத்தஞ்சுங்கறீங்க. நான் பேனால எழுதறவன் அம்மா, பென்சில்ல இல்ல. சீக்கிரம் திருத்துங்க, ஊரே கத்துது."

ஃபோன் வைக்கப்பட்டது. இத்தனை வருடத்தில் முதல் கூட்டல் பிழை. வேறொரு நாளாக இருந்தால் ஒரு வாரம் தூக்கம் போயிருக்கும். இப்போது அந்த ஹாரன்களைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் சொன்ன ஒவ்வொரு நிறத்தையும் யாரோ எழுதியிருக்கிறார்கள். புள்ளிக்குப் புள்ளி கூட்டியிருக்கிறார்கள். ஒரு புள்ளி குறைந்ததும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்திருக்கிறார்கள். இவ்வளவு நேரமும் அவர்கள் அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள்.

சிரித்துக்கொண்டே மைக்கைத் திறந்தாள்.

"தப்பு என்னோடது. முப்பத்தாறு, முப்பத்தாறு. சமம்! கத்தினவங்க எல்லாருக்கும் நன்றி. கத்தாதவங்க அட்டைய யாரும் கடன் வாங்காதீங்க, அதுல தப்பு இருக்கும்."

சுவருக்கு வெளியே எழுந்த கூச்சலில் டென்மார்க்கு வீரன்கூடத் தலைக்கவசத்தைக் கழற்றி நிமிர்ந்து பார்த்தான்.

பதின்மூன்றாவது மூன்றுக்கு மூன்று. பதினாலாவதில் யெப்பே யாரையும் அண்ட விடவில்லை: நாற்பத்தொன்றுக்கு நாற்பத்து மூன்று. பதினைந்தாவதில் ஹூபெர்ட் ஆரம்பத்திலிருந்தே முன்னால். இகோர் யெப்பேயைத் துரத்து துரத்தென்று துரத்தி மூன்றாவதாகத்தான் வந்தான். நாலுக்கு இரண்டு. லுத்சினா இந்த முறை விரல் விட்டுக் கூட்டிவிட்டுச் சொன்னாள்: "நாப்பத்தஞ்சு, நாப்பத்தஞ்சு. சமன். மணி ஏழு பதினொண்ணு. பான் லியோனார்ட், மன்னிச்சிடுங்க."

ஜெயிக்கவில்லை. ஆனால் அந்தத் தோட்டங்களிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டவர் யாரும் அதை நம்பியிருக்க மாட்டார். போலெக் தண்ணீர் லாரியைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினான். ஹூபெர்ட் மண் அப்பிய உடுப்போடு அதன் தொட்டிமேல் ஏறினான், பின்னால் இகோர், பின்னால் மெக்கானிக்குகள். ஹூபெர்ட் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்துக் கத்தினான்: "பானி லுத்சினா! வாங்க! இவங்க உங்களத்தான் கேக்கறாங்க!"

ஐம்பத்தாறு வயதில் அவள் தண்ணீர் லாரிமேல் ஏறினாள். இரண்டு பேர் மேலிருந்து இழுத்தார்கள், போலெக் கீழிருந்து தள்ளினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் நானூறு தோட்டத்திலும் மனிதர்கள். குடிசைக் கூரையில், ஏணியில், பிளம் மரத்தில், தலைகீழாகக் கவிழ்த்த குளியல் தொட்டிமேல். குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி நின்று, எல்லோரும் கையை உயர்த்தி அட்டையைக் காட்டினார்கள். முக்கால்வாசி தங்க ஓரம், மிச்சம் கறுப்பு ஓரம். நாலாவது மாடிப் பால்கனியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவர் கையை உயர்த்தவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

லுத்சினா இரண்டு கையையும் உயர்த்தினாள். மைக் கையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு!" கமீலா கீழேயிருந்து கத்தினாள். "கதவுப் பலகையச் சேக்காம!"

விட்டோல்ட் சுவரில் சாய்ந்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். லுத்சினா குனிந்து பார்த்தாள். "என்ன எழுதற தலைவரே?"

"என் அட்டையப் பத்தாவது ஓட்டத்துல ஒரு அம்மா கேட்டாங்க, வித்துட்டேன்." அவன் காதுவரை சிவந்தான். "மிச்சத்த எதுலயாவது எழுதணும்ல."

கையிலிருந்த தாளைத் திருப்பிக் காட்டினான். லீக்கிலிருந்து விலகும் கடிதம். அதன் பின்பக்கம் முழுக்கக் கோணல் மாணலாகக் கட்டங்கள், பதினொன்றாவது ஓட்டம் முதல் பதினைந்தாவது வரை, நிறம் நிறமாக. பன்னிரண்டாவதில் முப்பத்தைந்து அடித்து, பக்கத்தில் முப்பத்தாறு.

"அப்ப இத அனுப்ப முடியாது," என்றாள் லுத்சினா.

"எப்படி அனுப்பறது? எழுதி முடிச்ச ஆட்டத்து அட்டைய யாராச்சும் குடுப்பாங்களா?" மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை நகராட்சிக்கு லியோனார்டின் கடிதம் வழக்கம்போலப் போனது. ஆட்டம் பதினொரு நிமிஷம் தாமதமாக முடிந்தது. அறிவிப்பாளர் பன்னிரண்டாவது ஓட்டத்தில் தவறாகக் கூட்டினார். அடுத்த ஆட்டத்தில் இவ்விரண்டும் நிகழக் கூடாது. அடுத்த ஆட்டம் என்று எழுதியிருந்ததை எழுத்தர் ஃபோனில் படித்துக் காட்ட, லுத்சினா இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

அன்று இரண்டு பத்துக்கு மைக்கைத் திறந்தாள். பழைய குரலில், பழைய வேகத்தில், "போஸ்னான் செல்லும் பேருந்து, மூன்றாம் தடம்" என்றாள்.

வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது. பிறகு இன்னொன்று.

"சிகரெட்டு முடிஞ்சுதா இல்லையா, அதச் சொல்லும்மா!" என்று யாரோ கத்தினார்கள்.

லுத்சினா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, டிரைவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தாள்.